லொரேனுக்குத் தெரிந்தது

1

எங்கள் முப்பதாவது திருமண நாளுக்கு நானும் இவரும் காம்பர்வானில் சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்குப் போன படங்களை முகநூலில் போட்டிருந்தேன். மன்னாரில் இருக்கும் என் பள்ளித் தோழி பிலோ அவற்றைப் பார்த்துவிட்டு, "குடுத்து வைச்சனீ. இந்த வயசில புதுமாப்பிள்ளை பொம்பிளை மாதிரித் திரியிறீங்கள்" என்று எழுதினாள். அவளுக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். அது இப்படி நீண்டு போய்விட்டது.

அந்தப் படங்கள் எதிலும் லொரேன் இல்லை. அவள் கையோ தொப்பியோ நாயோ தெரிந்த படங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் போட்டேன். லொரேன் அறுபது தாண்டிய வெள்ளைக்காரி. தன் வானிலே நாயையும் ஏற்றிக்கொண்டு தனியாக ஊர் சுற்றுகிறவள். அவளால் எனக்கு வந்தது பொறாமை. மனத்தாங்கல், ஆதங்கம் என்று அழகாக எழுத எனக்கு விருப்பமில்லை. வயிறு எரிந்தது. இன்றைக்கும் அவள் பெயரை எழுதும்போது கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

2

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். காம்பர்வான் என்பது உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, கழுவுகிற தொட்டி, சின்னப் பிரிட்ஜ் எல்லாம் பொருத்திய வான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கட்டிலில் ஏறி இருந்துதான் மற்றவருக்கு வழி விடவேண்டும். மெல்பேர்ணில், கிரெய்கிபர்ன் பக்கம் குடும்பமாக இருக்கும் எங்கள் மகள் ஷெரின்தான் அதை வாடகைக்கு எடுத்துத் தந்தாள். "யூ கைஸ் நெவர் டூ எனிதிங் டுகெதர், அம்மா" என்றாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பத்து வயதிலிருந்து அப்படித்தான்.

அவள் சொன்னது சரி. சிட்னியில், கிரவீனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் இவர் வருகிற நேரம்தான் நான் வெளிக்கிடுகிற நேரம். இவருக்கு வெயார்ஹவுஸில் இரவு வேலை, எனக்குச் சைல்ட்கெயாரில் பகல் வேலை. பிள்ளையை வாசல் படலையடியில் கை மாற்றி வளர்த்தோம். போன வருடம் இவர் வேலையை விட்டு வீட்டில் இருக்கத் தொடங்கியபோதுதான், ஒரே நேரத்தில் இரண்டு பேரும் அந்த வீட்டுக்குள் இருந்து பழகவில்லை என்பது தெரிந்தது.

அதோடு இவர் வாய் திறக்கிற ஆளில்லை. ஓம், ம், பாப்பம். இந்த மூன்றுக்குள் எங்கள் முழுக் குடும்ப வாழ்க்கையும் நடந்து முடிந்தது. கலியாணத்தின்போதே மாமியார் சொன்னவர்தான், "தம்பி கதை குறைவு பிள்ளை" என்று. இவ்வளவு குறைவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

முதல் நாள் கயாமா வரைக்கும் போனோம். இடப்பக்கம் கடல் வந்து வந்து போனது. "எங்கட ஊர்ப் பேசாலைக் கடல் மாதிரி இல்லை, என்ன?" என்றேன். "ம்." "ஷெரினுக்கு மீன் கறி பிரீஸ் பண்ணிக் கொண்டு வந்தனான், அது இளகாதுதானே?" "பாப்பம்." கயாமாவில் பாறைக்குள் இருக்கும் ஒரு துளை வழியாகக் கடல் மேலே சீறி அடிக்கிறது. சுற்றி நின்ற சனம் கூச்சல் போட்டுக் கைதட்டியது. இவர் அதைப் பார்த்து முடித்துவிட்டு, "தேத்தண்ணி வைப்பமா?" என்று கேட்டார். அன்று இவர் பேசிய மிக நீண்ட வசனம் அதுதான்.

3

இரண்டாம் நாள் பின்னேரம் பேற்மன்ஸ் பேயில் ஒரு காரவன் பார்க்கில் நிறுத்தினோம். வான்களுக்கென்று இடம் பிரித்து, தண்ணீரும் மின்சாரமும் தருகிற பெரிய வளவு அது. இவர் வெளியே மடக்குக் கதிரையில் இருந்தார். நான் உள்ளே சோற்றுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து இடத்தில் இன்னொரு வான் வந்து நின்றது, லொரேனுடையது. அதன் பக்கத்தில் இழுத்து விரிக்கிற பந்தல்துணி எங்கேயோ சிக்கிவிட்டது போலிருக்கிறது. இவர் எழும்பிப் போய் உதவி செய்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

யாரோ நன்றாகச் சிரிக்கிறார் என்று நினைத்தேன். அந்த யாரோ இவர்தான் என்று பிடிபடச் சற்று நேரம் எடுத்தது. வயிற்றிலிருந்து கிளம்பி மூச்சு முட்டுகிற சிரிப்பு. முப்பது வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதேயில்லை.

யன்னல் திறந்து கிடந்தது. நான் அரிசிச் சட்டியோடு யன்னலுக்குக் கிட்டப் போனேன். ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

இங்கிலீஷில் இவர் வேறு ஆள். கையை ஆட்டுகிறார், குரலை மாற்றுகிறார், ஒரு கதைக்குள் இன்னொரு கதையைத் தொடங்குகிறார். அன்ரன் என்ற இவர் பெயர் அவள் வாயில் அதற்குள் ரோனியாகிவிட்டது. லொரேனின் அப்பா ரயில் ஓட்டினவராம். அதைக் கேட்டதும் இவர் தன் கதையைச் சொன்னார். நான் தமிழில் எழுதுகிறேன், அங்கே பேசியது முழுக்க இங்கிலீஷ்.

"எனக்கும் ரயில் ஓட்டத்தான் ஆசை. எழுத்துச் சோதனை பாஸ். நேர்முகம் பாஸ். கடைசியில் கண் சோதனை. முழுக்கப் புள்ளியாக ஒரு படத்தைக் காட்டி, உள்ளே என்ன இலக்கம் என்று கேட்டார்கள். எனக்குப் புள்ளிதான் தெரிந்தது. வாயில் வந்த இலக்கத்தைச் சொன்னேன். இலக்கமே போடாத படம் ஒன்றும் வைத்திருந்தார்கள். அதற்கும் ஒரு இலக்கம் சொன்னேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"சிவப்பும் பச்சையும் எனக்குப் பிரிந்து தெரியாது. பிறந்ததிலிருந்து."

"அப்படியென்றால் உன் உடுப்பெல்லாம் மனைவிதான் எடுத்துத் தருவாளா?" என்று லொரேன் கேட்டாள்.

"அவளுக்குத் தெரியாது" என்றார் இவர். "முப்பது வருடமாக நான் சொல்லவில்லை."

லொரேன் விசிலடித்தாள். அதற்கும் சிரித்தார்கள். நான் அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். அன்று சோறு குழைந்துபோனது. இவர் அதையும் பிசைந்து சாப்பிட்டார்.

4

எனக்கு ஏன் அவ்வளவு எரிந்தது என்று சொல்லவேண்டும்.

எங்கள் மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் சாதகம் பார்க்கிற வழக்கம் இல்லை. அதனால் விசாரிப்புத்தான் எல்லாம். மாப்பிள்ளையின் ஊருக்கு ஆள் அனுப்பி, நோய் வருத்தம் உண்டா, வலிப்பு உண்டா, குடி உண்டா, கண் காது சரியா என்று நாலு வீட்டில் கேட்பார்கள். என் மாமா சைக்கிளில் போய் விசாரித்துவிட்டு வந்து, "பெடியனில ஒரு குறை இல்லை, கதைதான் குறைவு" என்று சொன்னவர். மாமாவுக்கே தெரியாமல் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அது எனக்குப் பெரிய வருத்தமில்லை. கலியாணப் பேச்சில் எல்லாரும் எதையோ ஒளிக்கிறார்கள். என்னுடைய பல் கட்டினதை எங்கள் வீட்டிலும் ஒளித்தார்கள்.

எரிந்தது வேறு விஷயத்துக்கு. சிட்னியில் அந்த ரயில் வேலை கிடைக்காமல் போனபோது இவர் என்னிடம் சொன்ன காரணம், "இங்கிலீஷ் காணாதாம்." அதை நம்பி, அடுத்த நாளே மாலை நேர இங்கிலீஷ் வகுப்பில் இவர் பெயரைப் பதிந்துவிட்டு வந்தவள் நான். வேலைக்குப் போகுமுன் இவர் வகுப்புக்குப் போவார், வருடக்கணக்காகப் போனார். வீட்டுப்பாடம் செய்யும்போது சத்தம் போடாதே என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே நிற்பேன். எனக்கும் படிக்க ஆசைதான். ஒருவர் பிள்ளையைப் பார்க்கவேண்டுமே. அதனால் என் இங்கிலீஷ் சைல்ட்கெயாரில் மூன்று வயதுப் பிள்ளைகளோடு நின்றுவிட்டது. இவருடையது வளர்ந்தது. அந்த இங்கிலீஷில்தான் லொரேனுக்குக் கதை சொல்கிறார். நான் வாங்கிக் கொடுத்த சைக்கிளில் இன்னொருத்தியை ஏற்றிக்கொண்டு என் முன்னாலேயே போனது போலிருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நிறம் சொல்லிக் கொடுப்பது என் வேலை. சிவப்புக் கோப்பையை எடு, பச்சைக் கோப்பையை எடு என்று நாள் முழுக்கச் சொல்வேன். எந்தப் பிள்ளை தடுமாறுகிறது என்று கண்டுபிடித்துத் தாயைக் கூப்பிட்டுச் சொல்கிறவளும் நான்தான். வீட்டில் இவரைப் பழுத்த மிளகாய் பிடுங்கி வரச் சொன்னால் பாதி பச்சையாக வரும். பஞ்சி, சோம்பல் என்று ஏசுவேன். கிளிப்பச்சைச் சேலை வேண்டும் என்று சொல்லிவிட்டேன் ஒரு முறை, மண்ணிறத்தில் வாங்கி வந்தார். என் சொல்லைக் காதில் வாங்குவதில்லை என்று இரண்டு கிழமை முகம் கொடுக்கவில்லை. இவர் அப்போதும் வாய் திறக்கவில்லை. ஏச்சை வாங்கிக்கொண்டு இருந்தார்.

மகளுக்குப் போன் எடுத்து, சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "அப்பாவுக்குக் கண்ணில ஏதும் பிரச்சினை இருக்கோ?"

"வட், த கலர் ப்ளைண்ட் திங்?" என்றாள் ஷெரின். "ஹீ டோல்ட் மீ இன் ஹை ஸ்கூல். ஐ தோட் யூ நியூ, அம்மா."

அவளுக்கும் இங்கிலீஷில்தான் சொல்லியிருக்கிறார். தகப்பனும் மகளும் அந்தப் பாஷைக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வெளியில்.

5

மூன்றாம் நாள் ஈடன் என்ற சின்ன ஊர். காலையில் அங்கே ஒரு கடையில் இரண்டு தக்காளியை எடுத்து நீட்டி, "எது நல்ல பழம்?" என்று கேட்டேன். சோதிக்கத்தான். இவர் இரண்டையும் வாங்கி, கட்டைவிரலால் மெல்ல அமத்திப் பார்த்துவிட்டுச் சரியானதைத் தந்தார். இத்தனை காலமும் அமத்தியே சமாளித்திருக்கிறார். எனக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. அடுத்த கணம் லொரேனின் விசில் நினைவுக்கு வந்தது, பாவம் போய்விட்டது.

நானாகக் கேட்கக்கூடாது என்று முடிவு செய்தேன். இவராகச் சொல்லவேண்டும், மெல்பேர்ண் போவதற்கு முன் சொல்லவேண்டும். மகள் வீட்டுக்குள் போனால் பேரப்பிள்ளை, மருமகன், ரீவி என்று எல்லாம் வந்து மேலே ஏறிவிடும். பிறகு திரும்பிக் கிரவீனுக்கு வந்து, ஓம், ம், பாப்பம் என்று மிச்சக் காலமும் போய்விடும். ஒரு வானுக்குள் அடைபட்டுக் கிடக்கும்போதே என்னிடம் வாய் திறக்காதவர் வேறு எங்கே திறக்கப் போகிறார்?

தக்காளியோடு காரவன் பார்க்குக்கு வந்து பார்த்தால், லொரேனின் வான் அங்கே நிற்கிறது. அவளும் மெல்பேர்ண் பக்கம்தான் போகிறாளாம். "ரோனி" என்று தூரத்திலிருந்தே கை காட்டினாள். நாய் ஓடி வந்து இவர் காலைச் சுற்றியது. இவர் குனிந்து அதோடும் பேசினார். நாயோடும் இங்கிலீஷ்.

நான் கடற்கரைக்கு நடந்து போய் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அக்கா ரொறன்ரோவில் இருக்கிறாள். ஒவ்வொரு நாளும் பேசுவோம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மனம் கொஞ்சம் இளகித் திரும்பி வந்தேன்.

மத்தியானம் பொதுக் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். லொரேன் தன் கோப்பைகளோடு வந்து பக்கத்தில் நின்றாள். எலுமிச்சை கேக் ஒரு துண்டு கடதாசியில் சுற்றி என் பக்கம் தள்ளினாள். தானே செய்ததாம். நல்ல மனுசிதான். அதுதான் இன்னும் எரிச்சல், கெட்டவளாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ரோனி சொன்னார், நீங்கள் மிகவும் அமைதியானவராம்" என்றாள், மெதுவாக, எனக்கு விளங்கவேண்டுமென்று.

நான் அமைதியானவளாம். கிரவீன் பஸ்ஸில் நான் பேசத் தொடங்கினால் கடைசித் தரிப்பு வரை நிறுத்தமாட்டேன் என்று என்னைப் பகிடி பண்ணுவார்கள். அவளுக்குச் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. தமிழில் எல்லாம் தொண்டை வரை வந்து வரிசையாக நின்றது. இங்கிலீஷில் வந்தது ஒன்றுதான்.

"யெஸ்" என்றேன்.

கேக்கைச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

6

அடுத்த நாள் விடிய லொரேன் நித்திரையால் எழும்புமுன் நான் இவரை அவசரப்படுத்தி வானை எடுக்க வைத்தேன். விக்ரோறியா மாநில எல்லையைத் தாண்டினால் பாதை நெடுகக் காடு. இரண்டு பக்கமும் உயர்ந்த மரம், நடுவில் தார் ரோட்டு. போனுக்கு சிக்னல் இல்லை. ரேடியோ இரைந்தது, இவர் அதை நிறுத்தினார். பிறகு ஒன்றுமில்லை. வெகுதூரம் ஒன்றுமில்லை.

என்னால் முடியவில்லை.

"லொரேனின்ர தேப்பன் ரயில் ஓட்டினவராம், என்ன?" என்று கேட்டேன்.

வானின் வேகம் குறைந்தது. "கேட்டுக்கொண்டு நிண்டனீரா?"

"யன்னல் திறந்து கிடந்தது. எல்லாம் கேட்டது."

இவர் ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். "அம்மாதான் சொல்லவேண்டாம் எண்டவ. கலியாணம் குழம்பிடும் எண்டு."

"கலியாணம் முடிஞ்ச பிறகு?"

"சொல்லத்தான் நினைச்சனான். அந்த ரயில் வேலை இல்லையெண்டு வந்த அண்டைக்கு. வாய் வரேல்லை. இங்கிலீஷ் காணாதாம் எண்டு சும்மா சொல்லிப்போட்டன். பாத்தா, நீர் அடுத்த நாள் வகுப்பில பேரைப் பதிஞ்சுபோட்டு வந்து நிக்கிறீர். பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. விடவில்லை. "அவவுக்கு மட்டும் எப்பிடி வாய் வந்தது?"

"அவ விடிய வெளிக்கிட்டுப் போயிடுவா எண்டு நினைச்சன்."

"போகேல்லையே. ஈடனுக்கும் வந்து நிண்டாவே."

"ஓம்" என்றார். "அது பிழைச்சுப் போச்சு."

கொஞ்ச தூரம் போனபின் இவராகவே தொடர்ந்தார். "நீர் போகமாட்டீர்தானே, ஸ்டெல்லா. உமக்குச் சொன்னா, பிறகு ஒவ்வொரு நாளும் உமக்கு முன்னால அந்தக் குறையோட நான் இருக்கோணும். அவவுக்கு முன்னால ஒரு பின்னேரம்தானே."

நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் எனக்கு ஆறவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, வாயில் கோபம்தான் வந்தது.

"அவவுக்குச் சொல்லாத ஒண்டு எனக்குச் சொல்லுங்கோ."

"என்னத்தைச் சொல்ல?"

"எதையாவது. அவவுக்குத் தெரியாததா இருக்கோணும். ஷெரினுக்கும் தெரியக்கூடாது."

மரம் ஏற்றிய லொறி ஒன்று எதிரே வந்து எங்களை உலுப்பிவிட்டுப் போனது. இவர் பாப்பம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"நீர் அக்காவோட போனில கதைக்கேக்க நான் கராஜுக்குள்ள நிக்கிறனான்" என்றார்.

"தெரியும். என்னத்தையோ திருத்திக்கொண்டு நிப்பீங்கள்."

"ஒண்டும் திருத்திறேல்லை. நீர் சிரிக்கிறதைக் கேட்டுக்கொண்டு நிக்கிறனான். என்னோட நீர் அப்பிடிச் சிரிக்கிறேல்லை." பின்கண்ணாடியைப் பார்த்தார். "அக்காவில எனக்குச் சரியான எரிச்சல். அப்பிடி என்னத்தைத்தான் சொல்லுறாவோ எண்டு."

நான் யன்னல் பக்கம் திரும்பினேன். வருடக்கணக்காக ஒரு மனிதர் கராஜுக்குள் நின்று என் சிரிப்பைக் கேட்டிருக்கிறார். நான் ஒரு பின்னேரம் யன்னலடியில் நின்று கேட்டதற்கே இந்தப் பாடு. அதோடு, நேற்று ஈடன் கடற்கரையில் நின்று இவருடைய கண்ணைப் பற்றி நான் முதலில் சொன்னது யாருக்கு என்பதும் நினைவுக்கு வந்தது.

"நேற்று அக்காவுக்குச் சொல்லிப்போட்டன்" என்றேன்.

"எதை?"

"எல்லாத்தையும். உங்கட கண்ணை, அந்தப் புள்ளிப் படத்தை, லொரேனை."

"என்னட்டைக் கேக்க முந்தியோ?"

"ஓம்."

இவர் முன்னாலிருந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். கோபம் என்றுதான் நினைத்தேன். பிறகு மெல்லக் கேட்டார். "அக்கா என்ன சொன்னவ?"

"அவளின்ர வான் ரயரில காத்தைத் திறந்து விட்டுட்டு வா எண்டவ."

அந்தச் சிரிப்பு வந்தது. ஓட்ட முடியாமல் லொறிகள் நிற்கிற ஓரத்தில் வானை நிறுத்திவிட்டு, ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார். "செய்தனீரா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, அந்தச் சிரிப்பு வரும்போது இவர் முகம் எப்படி இருக்கிறது என்று நன்றாகப் பார்த்தேன். மேல்வரிசையில், உள்ளுக்குத் தள்ளி, ஒரு பல்லைக் காணவில்லை.

"அந்தப் பல்லு எப்ப போனது?"

இவர் வாயை மூடிக் கையால் பொத்தினார். "அது போய்க் கனகாலம். அது பெரிய கதை."

"லொரேனுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப சொல்லுங்கோ" என்றேன்.